ஹேண்ட்பேக்குக்குள் போன ரிலே

மைசூருக்கு மாற்றலாகி வந்த வருடம், எனக்குப் பழக்கமானவர்களின் வண்டிகளெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகக் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரம் ஒருவர் காரில் ஜன்னல் கண்ணாடி இறங்கினால் ஏறாது. மறுவாரம் இன்னொருவர் ஜீப்பில் வைப்பர் பாதிக் கண்ணாடியோடு நின்றுவிடும். எனக்கு அப்போது கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார் வைத்திருப்பவர்களின் பிழைப்பே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் அப்போதுதான் கார்க்காரியாகியிருந்தேன். திருச்சியில் இருந்தவரை எனக்கு ஸ்கூட்டர் போதும். இங்கே அலுவலகம் ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. கணவருக்கு ஓசூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து போவார். அலுவலகத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் தன் பழைய சின்னக் காரை விற்றார், வாங்கிவிட்டேன். அதில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தால் ஹார்ன் தானாக அடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரிங் ரோடு ஓரத்திலிருந்த டிபன் கடைக்கு முன்னால் வண்டியை ஒதுக்கினேன். ஒடித்த வேகத்தில் ஹார்ன் நீளமாக அடித்தது. தட்டு அகலத்துக்கு இருக்கும் தட்டே இட்லியோடு நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் சிரித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தார்.

"எங்களை நகரச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வண்டி இப்பத்தான் வாங்கினீங்க, அல்வா?"

நான் அவர் தட்டைப் பார்த்தேன். இட்லியும் சட்னியும்தான் இருந்தன. 'அல்வா' என்றால் கன்னடத்தில் 'இல்லையா' என்று அர்த்தம், மைசூர்த் தமிழர்கள் பாதிப் பேர் வாக்கியத்தை அதில்தான் முடிக்கிறார்கள் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது.

அவர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். தன் சிவப்புக் காரை ஞாயிறு பூசை முடிந்ததும் தானே கழுவித் துடைத்துவிட்டுத்தான் வெளியே எடுப்பார். அவரோடு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஹனூர்ப் பக்கம் மஞ்சளும் சோளமும் போடுகிற விவசாயி. மகள் மைசூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததால் ஞாயிறு தவறாமல் தன் பழைய ஜீப்பில் வந்துவிடுவார். இன்னொருவர் ஒல்லியாக, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரையும் செருகியிருந்தார். ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் என்று அறிமுகம் செய்தார்கள். அவரை எல்லோரும் அண்ணா என்றார்கள். சேலத்திலிருந்து அவர் தாத்தா காலத்தில் வந்து குடியேறிய குடும்பம்.

"இன்னொரு தடவை மெதுவா ஒடிங்க மேடம்," என்றார் அண்ணன். ஒடித்தேன். அடித்தது. "இப்ப ஸ்வல்ப பின்னாடி, கொஞ்சமே போதும்." நின்றது. "மறுபடியும்." அடித்தது. ஒரு குழந்தையிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல அவர் அதையே நாலைந்து தடவை செய்யச் சொன்னார். பிறகு என் அனுமதி கேட்டு ஸ்டீயரிங் நடுவிலிருந்த மூடியைக் கழற்றி, தோலுரிந்த ஒரு ஒயரைக் காட்டி, டேப் சுற்றி மூடினார்.

"சரியாப் போச்சுங்," என்றார் ஹனூர்க்காரர். "ஆனா மேடம், அந்த ஹார்ன் இல்லீன்னா நீங்க எங்களைப் பாத்திருக்கவே மாட்டீங்க."

அப்படித்தான் நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு காலை அந்தக் கடையில் நின்று சாப்பிடுவோம், வண்டிகளைச் சுற்றி வருவோம், பேசுவோம். வண்டியைப் பற்றித் தொடங்கும் பேச்சு வீட்டுக்குள் போய்விடும். ஹனூர்க்காரர் பழைய ஜீப் ஒன்றின் மேல்கூரையைக் கொண்டு கோழிக்கூடு கட்டிக்கொண்டிருந்தார். கோழிகள் உள்ளே போக மறுத்தன. ஏன் என்று நாங்கள் மூன்று வாரம் பேசினோம். சிஸ்டர் சமையலறையில் அலமாரி மாட்டத் துளை போட்டபோது சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயைத் துளைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்கு நரம்பு கண்டுபிடிச்சு ஊசி போடறேன். என் வீட்டுச் சுவத்துல பைப் எங்க இருக்குன்னு தெரியலே," என்றார் அவர்.

அண்ணன் தன் மாடித் தொட்டி நிரம்பினால் பாட்டுப் பாடும்படி ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பழைய காலிங் பெல்லை அதில் இணைத்திருந்ததால், தொட்டி நிரம்பும்போதெல்லாம் எதிர்வீட்டு அம்மாள் தன் கதவைத் திறந்து பார்ப்பார்.

எனக்கு அவர்கள் பேசுவது பாதி புரியாது. ஆனால் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. கிளட்ச் என்றால் என்ன செய்கிறது, ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். யாரும் சலித்துக்கொள்ளவில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்வதில் அவர்களுக்குள் சண்டையே வரும்.

மழை தொடங்கியதும், இனி ரோட்டோரம் வேண்டாம், அண்ணன் வீட்டு போர்டிகோவில் கூடலாம் என்று சிஸ்டர் சொன்னார். ஷீட் போட்ட அகலமான போர்டிகோ, ஒரு ஓரத்தில் அண்ணனின் கார் நிற்கும். நான் அதை மழைக்காகத்தான் என்று நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டிகள் வரிசையாகக் கெடத் தொடங்கின. அண்ணன் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நாங்கள் சுற்றி நின்று பேசுவோம். அவர் மனைவி, அண்ணி, டீயோடு வந்து வாசற்படியில் நின்று பார்ப்பார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வருவது அபூர்வம். ஒருநாள் மட்டும், "நல்ல வேளை, நீங்கல்லாம் வர்றீங்க. வீட்டுல ரிப்பேர் பண்ண இனி ஒண்ணுமில்லே. மிக்ஸி, கிரைண்டர், வாசல் கேட்டு, எல்லாக் குழாயும் ஆச்சு. மிச்சம் நாந்தான்," என்றார். எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்ததை நான் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மழை விட்ட ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒரு சான்றிதழ் வேலையாக அண்ணன் வீட்டுத் தெரு வழியாகப் போனேன். அவர் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நாளில் இவர் ஏன் வீட்டில் இருக்கிறார்? இரவு ஷிப்ட் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் காய்கறியும் பூவும் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். நெரிசலுக்குப் பயந்து காரை எடுத்து வரவில்லை. ஆட்டோக்காரர்கள் யாரும் என் பக்கம் வருவதாக இல்லை. சிஸ்டர் சிவப்புக் காரில் வந்து நிறுத்தி, "ஏறுங்க அக்கா, அண்ணா வீட்டுக்குப் போய்ட்டுப் போவோம்," என்றார். வண்டி வெண்ணெய்போல் ஓடியது. மார்க்கெட் நெரிசலில் பத்து இடத்தில் நின்று கிளம்பியும் ஒருமுறைகூட முனகவில்லை.

அண்ணன் வீட்டு கேட்டுக்கு எதிரே நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இறங்கி பானெட்டைத் தூக்கினார். ஒரு கருப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, சதுரமாக, நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்றைப் பிடுங்கினார். அதைத் தன் ஹேண்ட்பேக்குக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பானெட்டை மூடி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றிச் சுற்றி இருமியது, கிளம்பவில்லை.

"அண்ணா," என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "இங்க பாருங்க, ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். மூடிக்கொண்டேன்.

அண்ணன் வெளியே வந்தார். பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு பேட்டரியிலிருந்து தொடங்கினார். முனைகளைக் கழற்றித் துடைத்தார், மீட்டரை வைத்து அளந்தார், பிளக் ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதினார். நாங்கள் வாசலில் அண்ணி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு பேசினோம். நல்ல நேரம் கழித்து அவர் அந்தக் கருப்புப் பெட்டியைத் திறந்தார்.

"பெட்ரோல் பம்ப்புக்குக் கரண்ட் விடற ரிலேயில தகராறு," என்றார். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு." உள்ளே போய் எடுத்துவந்து செருகினார். வண்டி கிளம்பியது. அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டபோது முகம் தெளிவாக இருந்தது. புதன்கிழமை நாற்காலியில் பார்த்த முகம் அது இல்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். "சிஸ்டர், உங்க பையில இருக்கறது என்ன?"

அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சொன்னார். அண்ணன் வேலை பார்த்த பிரிவையே தொழிற்சாலை மூடிவிட்டது. புதிய இயந்திரங்களுக்குப் பராமரிப்பு வெளி ஆட்களிடம் போய்விட்டது. என்னிடம் அவரைப் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் என்று அறிமுகம் செய்த சில வாரங்களிலேயே இது நடந்திருக்கிறது. அவர் யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை. கடைக்கு வருவதை நிறுத்தினார். அறையை விட்டு வெளியே வருவதே குறைந்தது. அண்ணிதான் சிஸ்டரிடம் போனில் அழுதிருக்கிறார்.

"ஒருநாள் நெஜமாவே என் கார் ஜன்னல் கெட்டுப்போச்சு. அவர் வீட்டு முன்னாடி நின்னு கூப்பிட்டேன். வந்தார். சாயங்காலம் வரைக்கும் இருந்தார். சாப்பிட்டார். அன்னைக்கு நல்லாத் தூங்கினாராம், அண்ணி சொன்னாங்க. ஆனா அடுத்த வாரம் என் காருக்கு ஒண்ணும் ஆகல, அல்வா? என்ன பண்றது?"

"அதனால நீங்களே கெடுத்தீங்க."

"ஹனூர்க்காரர்கிட்டயும் சொன்னேன். அவர் சொல்றார், 'என் ஜீப்புக்குப் பொய்யே சொல்ல வேண்டாமுங்க சிஸ்டர். எதைச் சொன்னாலும் அது நெஜமாத்தான் இருக்கும்'னு."

"அண்ணனுக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சா சும்மா இருப்பாரா? கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிடுவார்."

அன்று வீட்டுக்குப் போய்க் காய்கறியைப் பிரித்து வைக்கும்போது ஒரு யோசனை வந்தது. என் வண்டி ஹார்னுக்குப் பிறகு எதற்கும் அண்ணனிடம் போகவில்லை. நானும் ஒருமுறை போக வேண்டும். ஆனால் எதைக் கழற்றுவது என்று எனக்குத் தெரியாது. பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தேன். எதைத் தொட்டாலும் திரும்ப மாட்ட முடியாது என்று பயமாக இருந்தது. கடைசியில், எதையும் தொடாமல் பொய் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் ஞாயிறு மற்ற இருவருக்கும் வேறு வேலை. நான் மட்டும் போனேன்.

"பிரேக் போட்டா ஒரு சத்தம் வருதுண்ணா."

"என்ன மாதிரி சத்தம் மேடம்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. "முறுக்கு கடிக்கிற மாதிரி," என்றேன்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"வேகமாப் போறப்பவா, மெதுவாவா? மழையில ஜாஸ்தியா?"

அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். மழையில் அதிகம், மேட்டில் குறைவு, வலது பக்கம்தான். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். சத்தம் ஏதுமில்லை. எப்படி வரும்? ஆனாலும் ஜாக்கி போட்டுத் தூக்கி, வலது பின்சக்கரத்தைக் கழற்றி, அதற்குள் இருந்த டிரம்மையும் இழுத்தெடுத்தார். குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"மேடம், இங்க வாங்க."

போய்க் குந்தினேன். அவர் உள்ளே விரலால் தொட்டுக் காட்டினார். விரல் நுனியில் எண்ணெய் போல ஒரு பளபளப்பு.

"பிரேக் ஆயில். உள்ள கசியுது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, ஒருநாள் மிதிச்சா நிக்காது."

தினமும் நான் அதில்தான் லாரிகளுக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தேன்.

"ஆனா மேடம்," என்றார் அவர், விரலைத் துடைத்துக்கொண்டே, "இந்தக் கசிவுல சத்தமே வராது. நீங்க முறுக்குன்னு சொன்னீங்க."

நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

அவர் ஒரு ஸ்டூலை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ரிலே எரிஞ்சு போனா அங்கயேதான் இருக்கும் மேடம். எழுந்து நடந்து போகாது. அவங்க வண்டியில அந்த எடமே காலியா இருந்துச்சு. பெட்டி மூடியை அவங்க சரியா மூடலே, பானெட்டைத் தூக்கின உடனே இடுக்கு வழியாப் பாத்துட்டேன்."

"அப்ப எதுக்கு பேட்டரியெல்லாம் துடைச்சீங்க?"

"சீக்கிரம் முடிச்சா நீங்கல்லாம் கெளம்பிடுவீங்களே."

அண்ணி உள்ளே ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அன்னைக்குத்தான் உறுதியாச்சு. மொதல்ல கோவம் வந்துச்சு மேடம். என்னைப் பாத்துப் பாவப்படறாங்களேன்னு. நீங்க போனப்புறம் அப்படியே உக்காந்திருந்தேன். ஆமேலே, கொஞ்ச நேரம் கழிச்சு, ஒரு யோசனை வந்துச்சு. அடுத்த வாரம் என்னத்தைக் கழட்டிட்டு வருவாங்க? சிஸ்டருக்கு இனி என்னென்ன கழட்டத் தெரியும்? திங்கட்கிழமையிலேர்ந்து அதையே நெனச்சிட்டிருந்தேன். நெனச்சு நெனச்சு ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு."

"அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம், பிடி, விட்டுடுங்க மேடம். சொன்னா நிறுத்திடுவாங்க."

இப்படி இரண்டு பக்கத்து ரகசியமும் என்னிடம் வந்து சேர்ந்தது. சிஸ்டர் என்னிடம் போனில், "இந்த வாரம் ஹெட்லைட்டுக்குப் பின்னாடி ஒயரைப் பிடுங்கலாம்னு இருக்கேன், கண்டுபிடிச்சிருவாரா?" என்று கேட்பார். அண்ணன் என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவை ஹெட்லைட்டாத்தான் இருக்கும்," என்பார். நான் இருவரிடமும் தலையாட்டுவேன். அந்தப் போர்டிகோவில் நின்றுகொண்டு, தெரிந்தே தேடுகிறவரையும் தெரியாமல் ஒளிக்கிறவரையும் மாறி மாறிப் பார்ப்பது போன்ற ஒரு பொழுதுபோக்கு எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. அண்ணன் கையைப் பார்த்துப் பார்த்தே ஒயர்களின் நிறமும் பியூஸின் வேலையும் எனக்குத் தெரியவந்தன.

இது ஹனூர்க்காரரால் முடிவுக்கு வந்தது.

அவர் ஜீப் தானாகக் கெடுவதைச் சிஸ்டர் கேலி செய்துகொண்டே இருந்தார். "நீங்க ஒண்ணும் கஷ்டப்படறதே இல்லே. நாங்கதான் மூளையைக் கசக்கறோம்," என்பார். அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிறு எல்லோரும் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அண்ணன் என் காரில் வந்தார். சிஸ்டர் பின்னால் வந்தார். முன்னால் போன ஜீப், காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்பாக, பெரிய சாலையின் நடுவில் வேகம் இழந்தது. பின்னாலிருந்து வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே ஒடித்து விலகியது. ஜீப் தள்ளாடி ஓரத்துக்கு வந்து நின்றது.

நாங்கள் ஓடிப் போனோம். ஹனூர்க்காரர் முகம் வெளுத்து இறங்கினார்.

"ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒண்ணுமே ஆவறதில்லீங்க. எஞ்சின் ஓடுது, வண்டி போவல."

அண்ணன் பானெட்டைத் திறந்து உள்ளே கையை விட்டார். மிதியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பி ஒரு முனையில் கழன்று தொங்கியது. அதைக் கோத்துப் பிடிக்க ஒரு சின்னப் பின் இருக்க வேண்டும். அந்தத் துளையிலிருந்து அவர் எதையோ உருவி வெளியே காட்டினார். ஒடிந்த ஈர்க்குச்சி.

"ஜீப்புக்குள்ள துடைப்பக்குச்சி எப்படி வந்துச்சு?" என்றார் மெதுவாக.

ஹனூர்க்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். இரும்புப் பின் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நாந்தானுங்க கழட்டினேன். அங்க போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சுட்டேன்."

லாரி ஒன்று எங்களைக் கடந்து போனதில் ஜீப் ஆடியது.

அண்ணன் பின்னைச் செருகி முனைகளை வளைத்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதில்லை.

"பஸ் கொஞ்சம் பக்கத்துல வந்திருந்தா? உங்க பொண்ணு ஹாஸ்டல்ல காத்துக்கிட்டிருக்கு. எனக்காக எதையாவது கழட்டறதா இருந்தா இன்னையோட நிறுத்திடுங்க. எல்லாரும்."

சிஸ்டர் திகைத்தார். "எல்லாரும்னா?"

"உங்க ரிலேயும்தான், சிஸ்டர்."

"உங்களுக்கு அப்பலேர்ந்தே தெரியுமா?"

"தெரியும். மேடத்துக்கும் தெரியும்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பிய பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. "நான் ஹெட்லைட் ஒயரைப் பத்தி உங்ககிட்ட அவ்ளோ நேரம் பேசினேனே," என்று மட்டும் சொன்னார். ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஓட்டலில் உட்கார்ந்து, தோசை வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. தோசை வந்ததும், "அந்த பேட்டரியைத் துடைச்சது வெறும் நடிப்பா?" என்று அண்ணனைக் கேட்டார். "துடைக்க வேண்டிய நிலையிலதான் இருந்துச்சு," என்றார் அவர். ஹனூர்க்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

சாப்பிட்டு முடித்து, அண்ணன் தானாகவே பேசினார். வேலை போனதைப் பற்றி எங்கள் முன்னால் அவர் பேசியது அன்றுதான்.

"காலையில அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடும். குளிச்சு சட்டை போட்டப்புறம்தான் போக எடமில்லேன்னு ஞாபகம் வரும். அதை வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியலே. அவளுக்குத் தெரியும். ஆனா நான் சொல்லணும் அல்வா?" கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு ஒரு உதவி வேணும் மேடம். வேலை கேட்டு எழுதணும். என்ன எழுதறதுன்னு தெரியலே. படிச்சு முடிச்ச உடனே சேர்ந்தது, அதுக்கப்புறம் எழுதினதே இல்லே," என்றார்.

அந்த வாரம் ஒரு மாலை அவர் போர்டிகோவில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். 'என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்டேன். 'பராமரிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்தார். நான் விடவில்லை. காலையில் உள்ளே போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நடந்து போவேன் என்றார். எங்கே? இயந்திர வரிசையின் ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதைக் கொடுத்து. நேற்றுக் கேட்ட சத்தம் இன்றும் அதே மாதிரி இருக்கிறதா என்று கேட்பாராம். எது சூடாக ஓடுகிறது, எது இன்னும் சில நாளில் நிற்கும் என்று நடக்கும்போதே தெரிந்துவிடுமாம். ஒரு இயந்திரம் மழைக்காலத்தில் மட்டும் கீச்சிட்டதாம், அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மழைக்காலம் ஆனதாம். தரை ஈரத்தில் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. இதெல்லாம் எழுதக்கூடிய விஷயமா என்று அவர் கேட்டார். இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். வாசற்படியில் நின்றிருந்த அண்ணி மெல்ல வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் இதெல்லாம் புதிதாக இருந்தது. "இதையெல்லாம் எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லியே," என்றார். "நீ கேக்கலியே," என்றார் அண்ணன். "இப்பக் கேக்கறேன், சொல்லுங்க," என்றார் அண்ணி. அன்று நான் எழுதியது கொஞ்சம்தான். அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில இடங்களிலிருந்து பதில் வரவில்லை. ஒரு இடத்தில் வயதைக் காரணம் சொன்னார்கள். அப்புறம் நஞ்சன்கூடு பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். முன்பு இருந்ததைவிடச் சிறிய வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். போய்ச் சேர்ந்தார். முதல் வாரம் முடிந்து வந்தபோது, அங்கே இருக்கிற இயந்திரங்களின் சத்தம் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது, பழக வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு அவசரம் தெரிந்தது, மறுநாள் போய்க் கேட்க வேண்டும் என்பதுபோல.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்துவிட்டன. அண்ணனுக்குப் பல ஞாயிறு ஷிப்ட். ஹனூர்க்காரரின் மகள் படிப்பை முடித்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். அவர் எப்போதாவது வந்தால் சோளக்கதிர் ஒரு மூட்டை கொண்டுவந்து எங்கள் மூன்று வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பார். கோழிகள் ஜீப் கூரைக்குள் போகத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். ஏன் திடீரென்று போயின என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

போன மாதம் ஒருநாள் அண்ணி எனக்குப் போன் செய்தார். அதுவரை அவர் என்னைத் தானாக அழைத்ததில்லை.

"அவர் வேலைக்குப் போயிட்டா கார் சும்மாவே நிக்குது. நீங்களும் சிஸ்டரும் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுப்பீங்களா? அவருக்கு இப்பச் சொல்ல வேணாம்."

சிஸ்டருக்கு இரவு டியூட்டி முடிகிற காலைகளில், ரிங் ரோட்டுக்கு அப்பாலுள்ள காலி மைதானத்துக்குப் போகிறோம். நான் பக்கத்தில், சிஸ்டர் பின்சீட்டில். அண்ணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறார். நாங்கள் சொல்லிக் கொடுப்பதைவிட அவர் கேட்பது அதிகம். கிளட்சை மிதித்தால் உள்ளே எது எதை விட்டு விலகுகிறது? ரிவர்ஸில் மட்டும் ஏன் வேறு சத்தம் வருகிறது? சிஸ்டருக்கும் எனக்கும் சிலவற்றுக்குப் பதில் தெரியாது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நேற்று அவர் முதல் முறையாக இரண்டாவது கியரில் நிற்காமல் ஐந்தாறு சுற்று போனார். புல் மேயும் மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. அவர் முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"மூணாவதுல போட்டா என்ன ஆகும்?"

"போட்டுப் பாருங்க அண்ணி," என்றார் சிஸ்டர், பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து.